காது கொடுப்பவர்களுக்கு ஒரு காது

ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பு மூன்றாவது நாளாகப் படுத்துவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தேன். "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று ஓர் இயந்திரக் குரல் என்னை ஊரெல்லாம் சுற்ற வைத்தது. பிறகு சங்கீதம். நடுநடுவே, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஓர் உபசார வார்த்தை. அவ்வளவு முக்கியமான விருந்தாளியை இருபத்திரண்டு நிமிஷம் வாசலில் நிற்க வைக்கும் வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை!

கடைசியில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. "வணக்கம் சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றது. இருபத்திரண்டு நிமிஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதையும் அந்தக் குரலின் தலையில் கொட்டினேன். அது ஏழு தடவை மன்னிப்புக் கேட்டது. ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசவில்லை. போரில் ஜெயித்த ராஜாவைப் போல நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

வாசலில் மாடி வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். என் மனைவியிடம் வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள். இரவு முழுவதும் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஆபீஸ் வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"மாமா, ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டேளே?"

"கேளம்மா."

"உங்க வீட்டுக் கம்பியை அந்தப் பொண்ணா அறுத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், இந்தப் பெண்ணும் ஒரு கால் சென்டரில்தான் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவில் யாருக்கோ ஏற்பட்ட கோபத்தைச் சென்னையில் உட்கார்ந்து ராத்திரி முழுவதும் வாங்கிக் கட்டிக்கொள்வது அவள் உத்தியோகம். வேலையை விட்டுவிடுவதாக ஒரு ராஜிநாமாக் கடிதத்தை எழுதித் தன் போனிலேயே வைத்திருக்கிறாள் என்றும், தினமும் அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள் என்றும் அவள் தாயார் என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். தம்பி காலேஜில் படிக்கிறான். அந்தக் கடிதம் போனால் வீட்டு வாடகைக்கே தாளம் போடவேண்டும். போகாவிட்டால் பெண் என்ன ஆவாளோ என்று தாயாருக்குக் கவலை.

அன்று காப்பி குடித்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

காலா, காதா?

தொண்ணூறு வயதாகும் என் தாயார் முதலில் ஒரு சந்தேகம் கேட்டாள். "ஏண்டி குழந்தே, கால் சென்டர்னா காலுக்குத் தைலம் தேய்க்கிற இடமா?"

"இல்லை பாட்டி. காதிலே காய்ச்சி ஊத்தற இடம்!" என்றாள் பெண்.

சிரித்துவிட்டோம். ஆனால் அவள் விவரம் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கிவிட்டது.

ஒரு பெரிய ஹால். வரிசை வரிசையாக மேஜைகள். தலையில் மாட்டிய ஒலிவாங்கி. ஓர் அழைப்பு முடிந்தவுடன் அடுத்தது தானாகவே காதில் வந்து விழுகிறது. எடுக்கலாமா, வேண்டாமா என்கிற பேச்சே இல்லை. ஓர் அழைப்பை எத்தனை நிமிஷத்தில் முடித்தாள் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைக்கிறது. அவசரமாக முடித்தால் "பரிவு போதவில்லை" என்று மதிப்பெண் குறையும். பரிவாகப் பேசினால் "நேரம் அதிகம்" என்று குறையும். தண்ணீர் குடிக்க எழுந்துபோனால் அதற்கும் நிமிஷக் கணக்கு. அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன. பிற்பாடு மேலதிகாரி ஒருவர் அவற்றில் சிலவற்றைக் கேட்டு, குரலில் புன்னகை இருந்ததா என்று பார்த்து மார்க் போடுவார்.

"முகத்திலே சிரிப்பு இருந்தால் போதாதா? குரலிலே எப்படித் தெரியும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியும் மாமி. அதுதான் கஷ்டம். அழுதாலும் தெரியும்."

போதாக்குறைக்குப் பூமி உருண்டையாக வேறு இருக்கிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடை நாட்களில் மாலை 6.30, அங்கே குளிர்காலமானால் 7.30. கலிபோர்னியாக்காரர்கள் கண்விழித்து ஆபீஸுக்குப் போகும்போது இங்கே ராத்திரி 9.30 அல்லது 10.30 ஆகிவிடும். அவர்களுடைய பகல் முழுவதும் இவர்களுக்கு இரவு. நாம் கோலம் போட்டுப் பால் பாக்கெட் எடுக்கும் நேரத்தில் இவர்கள் படுக்கப் போகிறார்கள். படுத்த அரை மணியில் கீரைக்காரி குரல் கொடுப்பாள், கூரியர்காரர் மணியடிப்பார், பக்கத்து வீட்டில் சுவரைத் துளைப்பார்கள்.

பொறுமைக்குச் சம்பளம்

இது ஏதோ இந்தக் காலத்துப் புதுத் தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். டெலிபோன் பிறந்த சில வருஷங்களிலேயே இதுவும் பிறந்துவிட்டது. அமெரிக்காவில் முதலில் டெலிபோன் நிலையங்களில் பையன்களைத்தான் வேலைக்கு வைத்தார்கள். தந்தி ஆபீஸில் ஓடியாடிப் பழகிய பிள்ளைகள். வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் இரண்டு வார்த்தை சொன்னார்கள், விஷமமும் செய்தார்கள். கம்பெனிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு, 1878-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு அமர்த்தினார்கள். இந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான். அவருடைய இனிய குரலும் பொறுமையும் எல்லோருக்கும் பிடித்துப்போயின. கொஞ்ச காலத்தில் பையன்கள் இருந்த நாற்காலிகளில் எல்லாம் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

அதாவது, பொறுமை அன்றைக்கே சம்பளத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு ஒரு பெயர் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆர்லி ஹோக்‌ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியை விமானப் பணிப்பெண்களையும், கடன் பாக்கி வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மூட்டை தூக்குகிறவர் உடம்பால் உழைக்கிறார். கணக்கு எழுதுகிறவர் மூளையால் உழைக்கிறார். வேறு சிலரோ உணர்ச்சியால் உழைக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். கோபம் வரும்போது சிரிப்பதும், சலிப்பு வரும்போது பரிவு காட்டுவதும் உழைப்புத்தான். உடம்பு களைத்தால் எல்லோருக்கும் தெரிகிறது. இந்தக் களைப்பு வெளியே தெரிவதில்லை.

"நாளெல்லாம் உட்கார்ந்துதானே இருக்கே, என்ன அலுப்பு உனக்கு?" என்று தம்பி கேட்கிறானாம். அவள் பதில் சொல்வதில்லை. அன்றைய பேச்செல்லாம் ஆபீஸிலேயே செலவாகிவிட்டது!

பலூன் வைத்தியம்

கால் சென்டர் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், போய்க்கொண்டும் இருக்கிறார்கள். புது ஆளைப் பிடித்துப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்வதற்குள் பழைய ஆள் போய்விடுகிறார்.

இதில் ஒரு விஷச் சக்கரம் இருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் எர்லாங் என்று ஒரு கணக்கு மேதை இருந்தார். அழைப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்பது பற்றி 1909-லேயே அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். எத்தனை அழைப்புக்கு எத்தனை பேர் தேவை என்று இன்றைக்கும் அவர் வகுத்த வழியில்தான் கணக்கிடுகிறார்கள். ஆட்கள் ஏற்கனவே மூச்சுவிட நேரமில்லாமல் வேலை செய்யும் இடத்தில் இரண்டு மூன்று பேர் குறைந்தாலும் போதும். காத்திருக்கும் வரிசை மளமளவென்று நீண்டுவிடும். வரிசை நீண்டால் என்னைப் போன்றவர்களுக்குக் கோபம். கோபம் ஏறினால் அங்கே இருப்பவருக்கு மனசு விட்டுப்போகும். அவர் வேலையை விடுவார். வரிசை இன்னும் நீளும். ஆகவே, ஊழியரின் உற்சாகம் என்பது ஏதோ ஆபீஸ் உள் விவகாரம் அல்ல. நாம் இருபத்திரண்டு நிமிஷம் சங்கீதம் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

அதனால், உற்சாகம் ஊட்டுகிறோம் என்று ஆபீஸில் பல காரியங்கள் செய்கிறார்கள். பலூன் கட்டுகிறார்கள். பீட்ஸா வரவழைக்கிறார்கள். ஒரு நாள் எல்லோரும் மஞ்சள் உடை உடுத்தி வரவேண்டும் என்கிறார்கள். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று ஒருவருடைய படத்தைச் சுவரில் மாட்டுகிறார்கள். மற்ற நூறு பேர் அதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

"பலூன் நன்னாத்தான் இருந்தது மாமா," என்றாள் பெண். "அதிலே காத்துப்போக ரெண்டு நாள் ஆச்சு. எனக்கு அன்னிக்கு ராத்திரியே போயிடுத்து."

அன்றிரவு நடந்தது இதுதான். யாரோ ஒருவர் ஒன்பது நிமிஷம் அசிங்கமாகத் திட்டியிருக்கிறார். போனை வைக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அழைப்பு முடிந்ததும் கை நடுங்கிற்று. அதைத் துடைத்துக்கொள்வதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. எதிரே கூரையிலிருந்து பலூன்கள் ஆடிக்கொண்டிருந்தன. பலூனைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லையாம்.

ஐந்து பெண்களும் ஓர் அறையும்

உற்சாகத்துக்கு மருந்து என்ன என்று உலகத்தில் பலர் தேடியிருக்கிறார்கள். அவற்றில் பிரசித்தமான தேடல் டெலிபோன் சம்பந்தப்பட்டதாகவே அமைந்துவிட்டது. சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில், டெலிபோன் சாமான்கள் செய்யும் ஹாத்தார்ன் தொழிற்சாலை இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமா என்று 1924-ல் அங்கே பரீட்சை ஆரம்பித்தார்கள். தெளிவான விடை கிடைக்கவில்லை. பிறகு 1927-ல், டெலிபோனுக்கான சிறு கருவிகளைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். சிற்றுண்டி கொடுத்துப் பார்த்தார்கள். வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாறுதலின்போதும் அந்தப் பெண்களின் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் வேலை ஏறக்குறைய 30 சதவிகிதம் கூடிற்று.

"பார்த்தீர்களா, அன்பாகக் கவனித்தால் போதும், வேலை பெருகும்!" என்று அப்போது பலர் கொண்டாடினார்கள். விஷயம் அத்தனை சுலபம் அல்ல. அந்த ஐந்து பேருக்கு மட்டும் கூலி கணக்கிடும் முறையை மாற்றியிருந்தார்கள். தங்கள் வேலைக்கு ஏற்ற பலன் நேராகக் கைக்கு வந்தது. மேலும், ரொம்பப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி இரண்டு பெண்களை 1928-ல் மாற்றியும் விட்டார்கள். அன்பு காட்டும் அறையிலேயே வாயாடக்கூடாது என்று சட்டம்! சம்பளம் சரியாக இல்லாமல் அன்பை மட்டும் காட்டினால் வயிறு நிறையாது என்பதையும் இந்தக் கதையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

என் மனசில் தங்கியது அதற்கு அடுத்த அத்தியாயம். 1928-லிருந்து 1930 வரை அதே தொழிற்சாலையில் சுமார் 21,000 ஊழியர்களைத் தனித்தனியே சந்தித்துப் பேசினார்கள். முதலில் கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு கேட்டார்கள். ஊழியர்களோ கேள்வியை விட்டுவிட்டு மனசில் இருந்ததைப் பேசினார்கள். பிறகுதான் பேட்டியாளர்களுக்குப் புத்தி வந்தது. கேள்வித்தாளைத் தூக்கிப்போட்டுவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். குறுக்கே பேசாமல், உபதேசம் செய்யாமல் கேட்டார்கள். கொட்டித் தீர்த்தவர்களில் பலருக்கு அதனாலேயே பாரம் குறைந்தது.

நாளெல்லாம் பிறர் குறையைக் கேட்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு காது எவ்வளவு அவசியம்!

சேர்ந்து குடித்த காப்பி

அந்தக் காது மேலதிகாரியுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பக்கத்து நாற்காலிக்காரியின் காதே போதும்.

அமெரிக்காவில் பெரிய வங்கி ஒன்றின் கால் சென்டரில், எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் பென்ட்லாண்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். ஊழியர்கள் கழுத்தில் சிறு மின்னணு அட்டை ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்பதை அது பதிவு செய்யாது. யார் யாருடன், எவ்வளவு நேரம், எந்தத் தொனியில் பேசினார்கள் என்பதை மட்டும் கவனிக்கும். நன்றாக வேலை செய்யும் குழு எது, சுமாரான குழு எது என்று பார்த்தபோது ஒரு விஷயம் வெளியாயிற்று. முறையான கூட்டங்களுக்கு வெளியே ஒருவரோடொருவர் கலகலப்பாகப் பேசிக்கொண்ட குழுக்கள்தாம் முன்னால் நின்றன.

ஆனால் பேசுவதற்கு நேரம் ஏது? நாற்காலி காலியாகக் கூடாது என்று, காப்பி இடைவேளையை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சமயத்தில் வைத்திருந்தார்கள். தனியாகப் போய், தனியாகக் குடித்து, தனியாகத் திரும்ப வேண்டியது. பென்ட்லாண்ட் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: ஒரு குழுவில் இருப்பவர்கள் எல்லோரையும் ஒரே சமயத்தில் காப்பி குடிக்க விடுங்கள்!

மானேஜர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். பின்தங்கிய குழுக்களில் ஓர் அழைப்பை முடிக்க ஆகும் நேரம் 20 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 8 சதவிகிதம். ஊழியர்களின் திருப்தியும் உயர்ந்தது. வங்கியின் மற்றக் கால் சென்டர்களிலும் இதையே செய்தால் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் மிச்சமாகும் என்று மானேஜர் எதிர்பார்த்தார். இந்த விவரங்களைப் பென்ட்லாண்ட் 2012-ல் எழுதியிருக்கிறார்.

காரணம் சுலபம். "எனக்கு இன்னிக்கு ஒருத்தன் இப்படிப் பேசினாண்டி" என்று ஒருத்தி சொல்லுகிறாள். "இவ்வளவுதானா? எனக்கு வந்தவன் கதையைக் கேளு" என்கிறாள் இன்னொருத்தி. "அப்படிக் கேட்டா நான் இப்படிச் சொல்லிச் சமாளிப்பேன்" என்று மூன்றாமவள் ஒரு வழி சொல்லித்தருகிறாள். அழுகை சிரிப்பாகிறது, தொழில் ரகசியமும் கைமாறுகிறது. கிணற்றடியிலும் குழாயடியிலும் நம் பாட்டிமார்கள் செய்த காரியந்தான்!

உதவி யாருக்குப் போகிறது?

இன்னொரு பரீட்சை இன்னும் அழகானது. அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலை. பழைய மாணவர்களுக்குப் போன் செய்து நன்கொடை கேட்பதற்கென்று அங்கே ஒரு கால் சென்டர். பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலோர் "இல்லை" என்பார்கள். சிலர் திட்டுவார்கள். வேலை பார்த்தவர்கள் மனம் சோர்ந்துபோயிருந்தார்கள். ஆடம் கிரான்ட் என்ற உளவியல் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் ஒரு காரியம் செய்தார்கள். அந்த நன்கொடைப் பணத்தால் உபகாரச் சம்பளம் பெற்றுப் படிக்கும் மாணவர் ஒருவரை அழைத்து வந்து, போன் செய்பவர்களில் ஒரு பகுதியினருடன் சில நிமிஷங்கள் பேச வைத்தார்கள். அந்தப் பணம் தம் வாழ்க்கையில் என்ன செய்தது என்று மாணவர் சொன்னார்; கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தார்கள். மாணவரைச் சந்தித்தவர்கள் போனில் பேசிய நேரம் முன்னைவிட 142 சதவிகிதம் கூடியிருந்தது. அவர்கள் திரட்டிய பணம் 171 சதவிகிதம் கூடியிருந்தது. சந்திக்காதவர்களிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. 2007-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

"உங்க ஆபீஸிலே இப்படி யாராவது வந்து நன்றி சொல்லியிருக்காளா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு கிழவி மாமா. அவ கணக்கிலே தப்பாப் பிடிச்ச பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தேன். உன் தாயார் உன்னை நன்னா வளர்த்திருக்கான்னு சொன்னா. அதை ஆபீஸிலே யாரும் கவனிக்கலே. நான்தான் நெனச்சிண்டிருக்கேன்."

அந்த அழைப்பும் அங்கே பதிவாகித்தான் இருக்கும். திட்டு வாங்கிய அழைப்பை எடுத்து வைத்துக்கொண்டு தப்புக் கண்டுபிடிக்கும் மேலதிகாரி, இந்த அழைப்பையும் ஒரு நாள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பலூனைவிடச் செலவு குறைவு!

வீடா, ஆபீஸா?

சரி, இந்த ஹாலும் மேஜையும் வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டால்? கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அதைப் பார்த்தோம். அதற்குப் பத்து வருஷம் முன்பே ஷாங்காய் நகரில் சிட்ரிப் என்ற சீனப் பிரயாண ஏற்பாட்டு ஸ்தாபனம் அதைப் பரீட்சை செய்து பார்த்துவிட்டது. விருப்பம் தெரிவித்த கால் சென்டர் ஊழியர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை, ஒற்றைப்படைக்காரர்கள் ஆபீஸிலேயே. ஒன்பது மாதம் நடந்தது. வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவிகிதம் கூடிற்று. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் "வீடே சொர்க்கம்" என்று எழுதிவிடலாம். பரீட்சை முடிந்த பிறகு, "இனி உங்கள் இஷ்டம், வீடா, ஆபீஸா?" என்று அவர்களையே கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள்! தனிமை தாங்கவில்லை என்று ஆபீஸுக்குத் திரும்பியவர்கள் உண்டு. அப்படி அவரவர் தாமே தேர்ந்தெடுத்த பிறகு, வீட்டு வேலையால் கிடைத்த லாபம் 13 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாக ஏறிற்று.

அதாவது, வீடும் மருந்தில்லை; ஆபீஸும் மருந்தில்லை. "உனக்கு எது சரிப்படும்?" என்று கேட்டதுதான் மருந்து.

இயந்திரம் வந்த பிறகு

"இதெல்லாம் எதற்கு? செயற்கை அறிவு வந்துவிட்டது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பேசிவிடும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் மாடி வீட்டுப் பெண்ணுக்கும் உண்டு. இதைப் பற்றி 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியைப் பார்த்தேன். ஐயாயிரத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர் சேவை ஊழியர்களின் வேலையை ஆராய்ந்தார்கள்; அவர்களில் ஒரு பகுதியினருக்கு, இப்படிப் பதில் சொல்லலாம் என்று பக்கத்திலிருந்து யோசனை சொல்லும் இயந்திர உதவி கிடைத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த பிரச்னைகள் சராசரி 14 சதவிகிதம் கூடின. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு 34 சதவிகிதம். பேசிய வாடிக்கையாளர்களின் கடுமையும் குறைந்ததாம். புதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் அனுபவசாலி ஒருத்தி உட்கார்ந்து காதில் சொல்லிக்கொடுத்தால் எப்படியோ, அப்படி.

ஆகவே இயந்திரம் துணையாகவும் வரலாம். ஆனால் ஒன்று. சுலபமான கேள்விகளை எல்லாம் இயந்திரமே தீர்த்துவிட்டால், மனிதருக்கு மிஞ்சுவது எது? சிக்கலான வழக்குகளும், பொறுமை இழந்த மனிதர்களுந்தான். அப்போது இந்தக் காதுகளுக்கு இன்னும் அதிக ஓய்வு வேண்டும், குறைவாக அல்ல.

நாம் செய்யக்கூடியது

ஒரு மாதம் கழித்து மாடி வீட்டுப் பெண்ணிடம் மறுபடி பேசினேன். அவளுடைய குழுவுக்குப் புதுத் தலைவி ஒருத்தி வந்திருக்கிறாளாம். அவள் பலூன் கட்டவில்லை. மூன்று காரியங்கள் செய்தாள்.

யாராவது அசிங்கமாகப் பேசினால், இரண்டு முறை மரியாதையாக எச்சரித்துவிட்டுப் போனை வைக்கலாம் என்று மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினாள். கடுமையான அழைப்புக்குப் பிறகு ஐந்து நிமிஷம் வெளியே போய்வரலாம். அது கணக்கில் ஏறாது. வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் எல்லோரும் கூடி உட்காருகிறார்கள். வாடிக்கையாளர் எதற்காகத் திரும்பத் திரும்பக் கோபப்படுகிறார் என்று ஒவ்வொருத்தரும் சொல்கிறார்கள். தலைவி எழுதிக்கொள்கிறாள். அடுத்த வாரம் பதிலோடு வருகிறாள். சில சமயம் "முடியாது என்கிறார்கள்" என்பதுதான் பதில். ஆனாலும் ஒரு பதில் வருகிறது.

"ஒரு பில்லிலே புரியாத ஒரு வரி இருந்தது மாமா. அதுக்காகவே பாதிப் பேர் கூப்பிடுவா. நாங்க சொல்லிச் சொல்லி மாத்திட்டா. இப்போ அந்தக் கால் வரதே இல்லை!" என்றாள். பரீட்சையில் பாஸ் செய்த குழந்தையின் முகம்.

முதலாளிகளும் மானேஜர்களும் செய்யவேண்டியது இப்படி இருக்க, வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. இரவு வேலை செய்துவிட்டு வந்த பெண்ணோ பிள்ளையோ தூங்கும் அறையில் ஒரு கனமான திரை தொங்கட்டும். வாசல் மணியைப் பகலில் நிறுத்தி வையுங்கள். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று உறவுக்காரர்கள் முன்னால் கேட்காதீர்கள். எழுந்து வந்ததும் உடனே பேசச் சொல்லாதீர்கள். பேச வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

போன் செய்யும் நமக்கும் உண்டு. கோபப்பட நமக்கு உரிமை இருக்கிறது, காசு கொடுக்கிறோம். ஆனால் "உங்கள் கம்பெனி செய்தது தப்பு" என்பது வேறு, "நீ என்ன மனுஷி?" என்பது வேறு. முதலாவது புகார், இரண்டாவது அடி. புகார் சொன்னால் தீர வழி உண்டு. அடித்தால் இன்னொரு ராஜிநாமாக் கடிதந்தான் தயாராகும்.

போன வாரம் எங்கள் இன்டர்நெட் மறுபடியும் படுத்துவிட்டது. மறுபடியும் சங்கீதம், இந்தத் தடவை பதினெட்டு நிமிஷம். ஒரு பெண் குரல் வந்து, "காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கணும் சார்" என்றது.

"பரவாயில்லை அம்மா. இன்று இது உனக்கு எத்தனையாவது அழைப்பு?" என்று கேட்டேன்.

ஒரு கணம் மௌனம். பிறகு, "ஐம்பத்தி நாலு சார்," என்றது குரல்.

"தண்ணீர் குடித்தாயா?"

மறுபடியும் மௌனம். "ஒரு நிமிஷம் சார்," என்றாள். தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. என் இணைப்பு அன்று மாலையே சரியாயிற்று. தண்ணீரைப் பற்றிக் கேட்டதால் சரியாயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு பேரும் நல்ல மனசோடு போனை வைத்தோம். அது நிச்சயம்.

மாடி வீட்டுப் பெண்ணிடம் அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போனிலேயேதான் இருக்கு மாமா," என்றாள். "ஆனா எடுத்துப் பார்த்து ரெண்டு வாரம் ஆச்சு."